நாக்கில்லாத மணி

சாமி அலமாரியில் மணி ஒருமுறை ஒலித்தது.

கேதீஸ்வரன் டைப்ரைட்டரிலிருந்து விரல்களை எடுத்தான். அந்தச் சின்னப் பித்தளை மணிக்கு நாக்கு இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்குக் கப்பலில் வந்தபோதே அது கழன்று தொலைந்துவிட்டது. மூன்று வருடமாக மணி வெறும் கிண்ணம்தான். ரயில் போன அதிர்வாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். ஆனால் ரயில் எதுவும் போகவில்லை.

1974 ஜூன், சிட்னியில் குளிர்காலம். புறநகர் பென்டில் ஹில்லில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. மனைவி யோகராணியும் ஆறு வயது மகள் ரஞ்சினியும் பரமட்டாவில் பல் டாக்டரிடம் போயிருந்தார்கள். ஐந்தரை ரயிலில் வருவார்கள். அவர்கள் பத்திரமாக உள்ளே வந்தால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

அவன் எழுதிக்கொண்டிருந்தது ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம். 1549இல் இங்கிலாந்தின் மேற்குச் சீமையில், அரசன் திணித்த புதிய ஜெபப் புத்தகத்தை எதிர்த்துக் குடியானவர்கள் கிளம்பினார்கள். எக்ஸிற்றர் நகரத்துப் பெரியவர்கள் வாசலை அடைத்து அவர்களை வெளியே நிறுத்தினார்கள். எல்லாம் அடங்கியபின், தேவாலய மணியடித்துத்தானே கூடினீர்கள் என்று அரசு மணிகளையே இறக்கச் சொன்னது. 'கதவை அடைத்தவர்கள் ஒழுங்கைக் காத்தார்கள்' என்று எழுதியிருந்தான். பேராசிரியர் ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தார்: வெளியே நின்றவர்கள் யார்?

பேராசிரியர்களுக்குக் கேட்பது சுலபம். யாரென்று அவனுக்குத் தெரியும். ஆறு வருடத்துக்கு முன் யாழ்ப்பாணத்தில், தங்களையும் கோயிலுக்குள் விடச் சொல்லி ஒடுக்கப்பட்ட சாதிச் சனம் திரண்டு வந்த நாளில், உள்ளே நின்று கதவைத் தள்ளி அடைத்தவர்களில் அவனும் ஒருவன். சின்னவன் என்ற கிழவனின் கை கதவிடுக்கில் சிக்கியது. "நயினார், கை நசியுது, திறவுங்கோ." அந்தக் குரல் கேட்காமலிருக்க அவன் ஓடிப்போய்ப் பெரிய மணியை அடித்தான். வெளியே அந்தச் சனத்தின் மேல் தடிகள் விழுந்தன. அரை மணி நேரம் அடித்தான். திறந்தபோது சின்னவன் செத்திருந்தான். பொலிசிடம் சொன்னான்: "மணிச் சத்தத்திலை எனக்கு ஒண்டும் கேக்கேல்லை." மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள், அவனுடைய பயமும் கப்பலேறி வந்திருந்தது.

மணி மறுபடி ஒலித்தது. பிறகு கற்பூரமும் வேர்வையும் கலந்த வாடை அறை முழுக்கப் பரவ, முன்வாசல் சரளைக்கல்லில் செருப்பில்லாத பாதங்கள், ஒன்றிரண்டல்ல, வரிசை வரிசையாக வந்து நின்றன; மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அவன் கதவை ஒரு சாண் திறந்தான். இருட்டில் தலைகள். முகம் தெரியாத தலைகள்.

ஒரு கை உள்ளே நீண்டது.

அறைந்து சாத்தினான். தோளைக் கொடுத்தான்.

"இஞ்சேருங்கோ, பிள்ளையின்ரை கை! திறவுங்கோ!" யோகராணியின் குரல். கூடவே ரஞ்சினியின் வீறிடல்.

இல்லை. அவர்கள் வர நேரமிருக்கிறது. இது கள்ளக் குரல். திறந்தால் அவ்வளவு பேரும் உள்ளே வந்துவிடுவார்கள். கைக்கெட்டிய அலமாரியிலிருந்து மணியை எடுத்தான். ஆட்டினான். நாக்கில்லாத மணி கோயில் மணியாக முழங்கியது. ஆட்டினான். ஆட்டினான்.

குரல்கள் நின்றன.

கடிகாரத்தில் ஆறு ஆகியிருந்தது.

கீழே பார்த்தான். கதவிடுக்கில் நான்கு சின்ன விரல்கள். யோகராணி பின்னிய நீலக் கம்பளிக் கையுறை.

"ரஞ்சினி!"

மணியைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் கதவை இழுத்தான். வரவில்லை. வெளியிலிருந்து பிடித்திருந்தார்கள்.

"விடுங்கோ! என்ரை பிள்ளை! கும்பிடுறன், விடுங்கோ!"

ஒரு கிழட்டுக் குரல் அமைதியாகச் சொன்னது.

"மணிச் சத்தத்திலை எங்களுக்கு ஒண்டும் கேக்கேல்லை, நயினார்."

நீல விரல்கள் அசையவில்லை. தரையில் கிடந்த மணி, ஆட்ட ஆளில்லாமல், அடித்துக்கொண்டே இருந்தது.