முப்பத்தொன்று யார்?

கூச்சலை அடக்கிய பிறகுதான் அந்த ஒரு கேள்வி கௌதமின் கண்ணில் பட்டது.

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் சர்வர் அறையில், வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு, ஏசியின் இரைச்சலுக்கும், கட்டிங் ஹாலிலிருந்து கதவிடுக்கு வழியாக நுழையும் பசை வாடைக்கும் நடுவே அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று மூன்று ஊர்க் கட்டடங்களையும் ஒரே கூடம் என்று நம்பவைக்கும் மேலடுக்கு நெட்வொர்க் அது. அந்தக் கூடத்தில் ஒரு மெஷின் இன்னொன்றைத் தேடினால், இந்த எண் யாருடையது என்று எல்லார் காதிலும் விழக் கத்தும். எல்லா மெஷினும் இப்படிக் கத்திக்கொண்டிருந்தால் பேக்கிங் ஸ்கேனர்கள் திணறாமல் என்ன செய்யும்? அதனால், பதில் தெரிந்த கேள்விக்கு அருகிலிருக்கும் நெட்வொர்க் ஸ்விட்சே பதில் சொல்லிவிடும்படி காலையில் மாற்றியிருந்தான். யாருக்கும் பதில் தெரியாத கேள்வி மட்டும்தான் இனி மூன்று ஊருக்கும் போகும்.

நிமிடத்துக்கு ஒன்பதாயிரமாக இருந்த கூச்சல் அறுபதாகச் சுருங்கியது. அறுபதும் ஒரே கேள்வி.

"முப்பத்தொன்று யார்? பதினேழுக்குச் சொல்லவும்."

ஜும்மாவுக்குக் கிளம்பிய மேனேஜர் தௌசீப் அகமது, தொப்பியைச் சரிசெய்தபடி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் அடங்கிப்போச்சு, இது ஒண்ணு மட்டும் நிக்காம கேட்டுனு இருக்கே. இன்னாப்பா அது?"

"பழைய மெஷின் ஏதாவது இருக்கும் பாய்."

"தொழுதுட்டு வர்றேன். உக்காந்து பாத்துடுவோம்."

அவர் செருப்புச் சத்தம் படியில் இறங்கி மறைந்தது. முப்பத்தொன்று எது என்று கௌதமுக்குத் தெரியும். வாணியம்பாடி தோல் யூனிட்டின் காவல் அறையில் இருந்த பழைய கம்ப்யூட்டர். கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு ஏறினால் மணி அடிப்பது அதன் வேலை. ஏழு மாதத்துக்கு முன், யாரும் பயன்படுத்தவில்லை என்று எழுதிவிட்டு அதைக் கழற்றியவன் இவன்தான். ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கழற்றியிருக்கலாம், கேட்கவில்லை. நாலாம் நாள், தொட்டி கழுவும் காசி உள்ளே இறங்கினார், மேலே வரவில்லை. சென்சார் கோளாறு என்று விசாரணையில் முடித்துவிட்டார்கள். கௌதம் வாயைத் திறக்கவில்லை.

பதினேழு, தொட்டிக்குள் உதவிப் பொத்தானோடு மாட்டியிருந்த அந்தச் சென்சார் பெட்டி.

யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள். தௌசீப் பாய் ஏன் அப்படிக் கேட்டார்? தெரிந்துதான் கேட்டாரா? காசியைத் தொட்டியிலிருந்து தூக்கிய எலக்ட்ரீஷியன் ராஜேஷாக இருக்குமோ? போன் போட்டான்.

"அந்தத் தொட்டிப் பெட்டி இன்னும் இருக்குதா?"

ராஜேஷ் இழுத்து இழுத்துப் பேசினான். "காசி அண்ணன் செத்த வாரமே கழட்டிட்டாங்களே சார். ஒயரு மட்டும் தொங்குது. ஏன், இன்னிக்குத் திடீர்னு கேக்குற?"

அந்த இழுவை கௌதமுக்குப் பிடிக்கவில்லை. இவன்தான், சந்தேகமே இல்லை.

"ஒயரு நுனியில இன்னா மாட்டியிருக்குது பாரு."

"கையில புடிச்சினு இருக்கேன் சார். ஒண்ணுமில்ல."

"ஸ்விட்ச் பக்கம் புடுங்கிடு."

"புடுங்கிட்டேன்."

திரையில் இன்னொரு வரி ஏறியது. முப்பத்தொன்று யார்? பின்னாலேயே இன்னொன்று. கௌதம் போனை வைத்தான்.

பாய் வர இன்னும் முக்கால் மணி நேரம். முப்பத்தொன்று எது என்று தேடினால், கழற்றியதைப் பதிந்த தாளில் இவன் பெயர் இருக்கும். வேலை போகும், போலீஸ் வரும். கேள்வியை நிறுத்த ஒரே வழி, பதில் சொல்லிவிடுவது. முப்பத்தொன்று இங்கேதான் என்று ஸ்விட்ச் அட்டவணையில் கையால் ஒரு வரி எழுதினால் போதும். பொய் விலாசம் எழுதினால், அதைத் தேடித் திரும்பவும் ஊரெல்லாம் கூச்சல் கிளம்பும். வேறு யார் மெஷினைக் காட்டினாலும் அவர்கள் வந்து கேட்பார்கள். தன் லேப்டாப்பின் விலாசத்தையே எழுதி என்டர் தட்டினான்.

கேள்வி நின்றது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தான். தன் சாமர்த்தியத்தை நினைத்துச் சிரிப்புகூட வந்தது.

லேப்டாப்பில் புதிதாக ஒரு வரி தோன்றியது.

"தொட்டி 3. நேரம் 11:42. வாயு 40. உள்ளே ஆள்: 1. உதவிப் பொத்தான் அழுத்தப்பட்டது."

தேதி, காசி செத்த தேதி.

11:43. வாயு 60. உதவிப் பொத்தான் அழுத்தப்பட்டது. 11:44. அழுத்தப்பட்டது. இறங்கியதுமே உயிர் போய்விட்டது, ஒன்றும் தெரிந்திருக்காது என்றுதானே அவர் மனைவி அமிர்தவள்ளியிடம் சொன்னார்கள்? 11:50. அழுத்தப்பட்டது. 11:58. அழுத்தப்பட்டது. கௌதமுக்கு அழுகை முட்டியது. பத்தொன்பது நிமிடம் அந்த மனிதர் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். 12:01-க்குப் பிறகு வரி இல்லை.

ஏசி நின்றது. விளக்கும்.

அழுகிய முட்டை நாற்றம். முதலில் லேசாக. பிறகு கண் எரிய. தொண்டை எரிய. லேப்டாப் வெளிச்சத்தில் கதவு தெரியவில்லை. இன்னொரு வரி ஏறியது.

"தொட்டி 3. நேரம் 1:09."

தேதி, இன்றைய தேதி. வாயு 90.

எழுந்தான். காலில் ஏதோ சளசளத்தது. கணுக்கால் வரை. வெதுவெதுப்பாக.

வாயு 160.

நாற்றம் நின்றுவிட்டது. சட்டென்று. பசை வாடைகூட இல்லை. அளவு மீறினால் அந்த வாயு முதலில் மூக்கைத்தான் கொல்லும் என்று விசாரணையில் சொன்னார்கள். கதவைத் தேடிக் கையை நீட்டினான். சுவர். ஈரமான சிமெண்ட். வளைந்த சுவர். சுற்றிலும்.

திரை அணைவதற்கு முன் கடைசி வரியைப் படித்தான்.

"உள்ளே ஆள்: 2."

இருட்டில், அவன் தோளை ஒட்டி நின்றிருந்த யாரோ, கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார்.