இருபதுக்கு மேல் போகாத வேன்

பின்னால் வந்த ஜீப் மறுபடியும் ஹாரன் அடித்தது. வானதி பக்கக் கண்ணாடியில் ஒரே ஒரு பார்வை பார்த்தாள்… அவ்வளவுதான். ஆக்ஸிலேட்டரில் இருந்த கால் அசையவில்லை. முள் இருபதிலேயே நின்றது.

ஐப்பசி மழை இரவெல்லாம் கொட்டிவிட்டு இப்போது தூறலாக இளைத்திருந்தது. ஒரு பக்கம் குடமுருட்டி ஆறு, கலங்கிய பழுப்பு நிறத்தில் கரையைத் தடவிக்கொண்டு. மறுபக்கம் தாளடி நடவுக்கு உழுத வயல்கள். நடுவில், இரண்டு வண்டிகள் உரசிக்கொண்டு போகிற அகலத்தில் வலங்கைமானுக்குப் போகும் தார் ரோடு. வயலை உழுத டிராக்டர்கள், கேஜ் வீல் என்கிற இரும்புச் சக்கரங்களைக் கழற்றாமலே ரோட்டில் ஏறும். அவை வாரிக்கொண்டு வந்த களிமண் மழையில் கரைந்து, தாரின் மேல் வெண்ணெய் பூசினாற்போலப் படிந்திருந்தது. செருப்புக் காலே நிற்காத ரோடு. வேனுக்குள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒரு நாள் வண்டி இங்கே வழுக்கியது. காலி வண்டி. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஒரு கணம் வண்டி தன் கையில் இல்லை என்பதை வானதி உடம்பால் அறிந்திருந்தாள். அன்றிலிருந்து மழை நாளில் இருபது. அதற்கு மேல் கலெக்டரே வந்து சொன்னாலும் கிடையாது.

ஜீப்புக்குப் பொறுமை இல்லை. சேற்றை வாரி இறைத்துக்கொண்டு வேனைத் தாண்டியது. வளைவு வந்ததும் பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்தது… ஜீப் திரும்ப மறுத்தது. அவசரமே இல்லாமல், அழகாகப் பக்கவாட்டில் சுழன்று, ரோட்டை விட்டு இறங்கி, உழுத வயலுக்குள் பாதிச் சக்கரம் புதைய உட்கார்ந்துகொண்டது.

வானதி வேனை மண் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தினாள். யாரும் இறங்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, புல் ஓரமாகவே நடந்து போனாள்.

ஜீப்பிலிருந்து இறங்கியவனுக்கு முழங்கால் வரை சேறு. இமையில் ஒரு மழைத்துளி விழாமல் நின்றது. அந்தக் கண்களில் கோபம் இருக்கும், கத்துவான் என்று அவள் தயாராகத்தான் போயிருந்தாள். இருந்தது வெட்கம்… பரீட்சையில் பிட்டோடு பிடிபட்டவனின் வெட்கம்.

"அடி பட்டுச்சா?"

"இல்லைங்க."

"கை காலை அசைச்சுப் பாருங்க."

அசைத்துக் காட்டினான். அசைத்தபடியே, யாரும் கேட்காமலே, தன் பெருமையைச் சொல்லிக்கொண்டான். "ஆறு வருஷம் ஐஸ்ல வண்டி ஓட்டியிருக்கேங்க, கனடாவுல. ஒரு தடவைகூட இப்படி ஆனதில்ல."

"ஐஸ்லயும் இப்படித்தான் ஹாரன் அடிச்சுக்கிட்டே போவீங்களா?"

வேன் ஜன்னல்களில் சிரிப்பு வெடித்தது. அவனும் சிரிப்பான் என்று நினைத்தாள். அவனோ யோசித்தான். நிஜமாகவே யோசித்தான்.

"இல்ல… அங்க இருபதுலதான் போவேன்."

"அப்புறம் இங்க என்னவாம்?"

"இங்க பனி இல்லையேன்னு நெனச்சிட்டேன்."

வானதி சட்டென்று திரும்பி நடந்தாள். உதட்டோரம் வந்த சிரிப்பை அவனுக்குக் காட்ட அவளுக்கு விருப்பமில்லை.

அவன் பெயர் குணசேகரன். அந்த ஆற்றோரத்தில் அதிக நிலம் வைத்திருக்கும் தியாகராசனின் மகன். அப்பாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனதால், வின்னிபெக் என்ற ஊரில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு விவசாயத்துக்கு வந்திருந்தான். ஜீப் இறங்கிய வயலும் அவர்களுடையதுதான். இதையெல்லாம் பிள்ளைகளே வேனில் அவளுக்குச் சொன்னார்கள்.

மாலையில் பள்ளிக்கூட மணி அடிக்கும் வரை வானதி வாசலில் வேனை நிறுத்திவிட்டு நூலகப் புத்தகம் படிப்பாள். எங்கோ தூர தேசத்து நாவல்களின் தமிழாக்கங்கள். அவற்றில் எப்போதும் பனி பெய்துகொண்டே இருக்கும். குதிரைகள் சறுக்கு வண்டியை இழுக்கும். யாரோ ஒருத்தி உறைந்த கண்ணாடியில் மூச்சு விட்டு, விரலால் ஒரு வட்டம் துடைத்து, யாருக்காகவோ காத்திருப்பாள்… வெயிலில் காய்ந்த ரெக்ஸின் சீட்டில் சாய்ந்துகொண்டு, வானதியும் அவளோடு காத்திருப்பாள்.

ஒரு நாள் அந்த வட்டத்துக்குள் குணசேகரன் வந்து நின்றான். மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றான். கேட்டுவிட்டுப் போகாமல், என்ன புத்தகம் என்றான். அவள் அட்டையைக் காட்டினாள்.

"பனியில நடந்தா சத்தம் வருமா?" ஏன் கேட்டோம் என்று கேட்ட பிறகுதான் அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"வரும். சர்க்கரை மூட்டை மேல ஏறி நடந்தா எப்படி இருக்கும்… அப்படி. ரொம்பக் குளிர்னா அதுவும் இருக்காது. ஊரே வாயை மூடிக்கும்."

"வண்டி?"

வண்டியைப் பற்றி அவன் சொல்லச் சொல்ல அவளுக்கு வியப்பாக இருந்தது. முன்னால் போகும் வண்டிக்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு இடைவெளி விட வேண்டும். வளைவு வருவதற்கு முன்பே வேகத்தைக் கொன்றுவிட வேண்டும், வளைவுக்குள் பிரேக்கைத் தொடவே கூடாது. வழுக்கினால் பதறி மிதிக்காமல், ஸ்டீயரிங்கை மெதுவாக வழுக்கும் பக்கமே கொடுத்து வாங்க வேண்டும். யாரும் சொல்லித் தராமல் குடமுருட்டிக் கரையில் அவள் கற்றுக்கொண்டது அத்தனையும், உலகத்தின் மறுமுனையில் இவனுக்கும் தெரிந்திருந்தது.

"இவ்ளோ தெரிஞ்சிருந்துமா வயலுக்குள்ள போய் உக்காந்தீங்க?"

"அதான் சொன்னேனே… ஊருக்கு வந்ததும் மூளையை ஏர்போர்ட்லயே விட்டுட்டேன்."

அதற்குப் பிறகு மணி அடிக்கும் நேரத்துக்கு அவனுக்கு வலங்கைமானில் ஏதாவது ஒரு வேலை இருந்துகொண்டே இருந்தது. உரம் வாங்க, போல்ட் வாங்க… ஒரு நாள் வெறும் வெற்றிலை வாங்க. அவனுக்கு வெற்றிலை போடும் பழக்கமே கிடையாது என்பதை வானதி பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஆனால் அவனிடம் சொல்லவில்லை.

மழை வலுத்த வாரத்தில்தான் சிக்கல் வந்தது. களிமண் மோசமாகப் படிந்த நாட்களில் வானதி அந்த வளைவுக்கு முன்பே வேனை நிறுத்திவிடுவாள். பிள்ளைகளைப் புல் ஓரமாக வரிசையில் நடத்திக் கொண்டுபோய் அந்தப் பக்கம் நிறுத்துவாள். பிறகு காலி வேனை ஊர்ந்து ஓட்டி வந்து ஏற்றிக்கொள்வாள். பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனை முடிந்த பிறகுதான் வேன் போய்ச் சேரும். புகார்கள் வந்தன. நிர்வாகக் குழு வானதியையும் அழைத்துக் கூடியது. அதில் தியாகராசனும் ஒருவர்.

வேன் ஓட்டத் தெரிந்த ஆளாகப் பார்த்துப் போடுங்கள் என்று அவர் சொன்னார். அந்தப் பெண் ஓட்டுவதற்குப் பதில் தள்ளிக்கொண்டே வரலாம் என்றும் சொன்னார். சிலர் சிரித்தார்கள்.

வானதி எழுந்து நின்றாள். ரோட்டில் இருக்கும் மண் உங்கள் டிராக்டர் கொண்டு வந்தது, இரும்புச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஏறினால் நான் பிள்ளைகளை இறக்கவே வேண்டாம் என்றாள். நடவு நேரத்தில் வயலுக்கு வயல் சக்கரம் கழற்றிக்கொண்டு இருந்தால் விவசாயம் பார்த்த மாதிரிதான் என்று தியாகராசன் கையை உதறினார்.

அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்திருந்த குணசேகரன் கதவோரம் நின்றிருந்தான். வானதி அவனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை… ஒரே ஒரு வார்த்தை. அவன் தரையைப் பார்த்தான்.

இன்னும் ஒரு தடவை தாமதமானால் வேறு டிரைவர் என்று முடிவானது.

வெளியே அவன் வேனுக்கு ஓடி வந்தான். காலையில் தான் அந்த இடத்துக்கு வந்து நிற்பதாகவும், வழுக்கும் பகுதியை மட்டும் தானே ஓட்டிக் கொடுப்பதாகவும், இறக்கி ஏற்ற வேண்டியிருக்காது என்றும் மூச்சு வாங்கச் சொன்னான்.

"எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு நீங்களும் சொல்றீங்களா?"

"அய்யோ, அப்படி இல்லைங்க… உதவியா…"

"அங்க எல்லார் எதிர்லயும் ஒரு வார்த்தை பேசியிருந்தா, அது உதவி." அவன் கண்களை அவள் நேராகப் பார்த்தாள். "உங்க அப்பா முன்னால வாய் திறக்க முடியாதவர் கையில என் வண்டியைத் தர மாட்டேன்."

கண்ணாடியை ஏற்றினாள். ஊர் எல்லை தாண்டும் வரை அழவில்லை.

வீட்டில் அம்மா மங்களாம்பிகை, கொஞ்சம் வேகமாகப் போனால்தான் என்ன, எத்தனை பேர் போகிறார்கள் என்று கெஞ்சினாள். இந்த வேலைக்காக வானதி எத்தனை பேரின் கேலியைத் தாண்டி வந்தாள் என்பது அம்மாவுக்குத் தெரியும். அந்த ஸ்டீயரிங்கின் பின்னால் உட்காரும்போது மட்டும்தான் மகள் நிமிர்ந்து இருக்கிறாள் என்பதும் தெரியும். வானதி தலையாட்டவில்லை. வேலை போனால் போகட்டும்… ஒரு பிள்ளையின் நெற்றியில் கீறல்கூட விழும்படி அவள் ஓட்டப்போவதில்லை.

அடுத்த திங்கட்கிழமை விடியும்போது வானம் உடைந்து ஊற்றியது. முந்தின நாள் முழுக்க வளைவுக்குப் பக்கத்து வயலில் உழவு நடந்தது அவளுக்குத் தெரியும். இன்றைக்கு நிச்சயம் இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்கினால் இதுதான் கடைசி நாள். குடை வைத்திருப்பவர்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னாள். முடிவு எடுத்த பிறகு மனம் விசித்திரமாக அமைதியாக இருந்தது.

வளைவுக்கு முன்னால் வேனை நிறுத்தினாள். வைப்பர் மழையைத் தள்ளியது. தள்ளிய இடைவெளியில் ரோடு தெரிந்தது.

கருப்பாக.

மண் இல்லை. வளைவு முழுக்கத் தார் தெரிந்தது, அதன் மேல் சொரசொரவென்று எம்-சாண்ட் மணல் தூவியிருந்தது. வழித்த சேறு ரோட்டோரம் குவியல் குவியலாகக் கிடந்தது. மண்வெட்டியோடு நாலைந்து பேர் ஒதுங்கி வழி விட்டார்கள். அவர்களில் ஒருவன், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தலை முதல் கால் வரை நனைந்து நின்றவன்… அவள் பார்வையைச் சந்தித்தான். இந்த முறை தரையைப் பார்க்கவில்லை.

குடையோடு ஓரமாக நின்ற தியாகராசன், நொண்டியபடி வேன் ஜன்னலுக்கு வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"நேத்து ராத்திரி சோறு திங்காம சண்டை போட்டான். சக்கரத்தைக் கழட்டாம டிராக்டர் ரோட்டுல ஏறுனா முன்னால படுத்துக்குவானாம். குழுவுலயும் வந்து பேசுவானாம், எங்க மண்ணுதான்னு." மழையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். "கழட்டியாச்சு. போம்மா… பிள்ளைங்களுக்கு நேரமாவுது."

வானதி முதல் கியரைப் போட்டாள். யாரையும் இறக்காமல், இருபதிலேயே, வளைவைக் கடந்தாள். டயருக்கு அடியில் மணல் நறநறத்தது. பள்ளிக்கூட வாசலில் வேன் நுழைந்தபோது மற்றப் பிள்ளைகள் பிரார்த்தனைக்கு அப்போதுதான் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

காலி வேனோடு திரும்பி வந்தபோது மற்றவர்கள் நடவுக்குப் போயிருந்தார்கள். குணசேகரன் மட்டும் இருந்தான். மழை புதிதாக அடித்துக் கொண்டு வந்த சேற்றைத் தனியாக வழித்துக்கொண்டிருந்தான்.

அவள் இறங்கினாள். ஓரத்தில் கிடந்த இன்னொரு மண்வெட்டியை எடுத்து, அவன் பக்கத்தில் நின்று வழிக்கத் தொடங்கினாள்.

"நீங்க எதுக்குங்க…"

"சாயந்திரம் பிள்ளைங்களைத் திருப்பிக் கூட்டிக்கிட்டு வரணும்ல?"

இரண்டு மண்வெட்டிகளும் தாரை உரசின. பிறகு அவன் மெல்லப் பேசினான். கனடாவில் பனி விழுந்தால் வீட்டு வாசலில் இருப்பதை வீட்டுக்காரன்தான் வார வேண்டும் என்றான். யாராவது வழுக்கினால் தப்பு வாராதவன் மேல்தான். "ஆறு வருஷம் தவறாம வாரினேன். இங்க எங்க மண்ணுல நீங்க தட்டுத் தடுமாறிப் போறதைப் பாத்துக்கிட்டு… உங்க வண்டியையே கேட்டேன் பாருங்க. அன்னிக்கு நீங்க கண்ணாடியை ஏத்தினப்பதான் புரிஞ்சுது."

"அதுக்காக மட்டும்தானா?"

மண்வெட்டி நின்றது. தூறல் அவன் தோளில் பட்டுப் புகைபோலத் தெறித்தது.

"இல்ல. உங்களைப் பிடிச்சிருக்கு வானதி. ரொம்ப." மூச்சை இழுத்துக்கொண்டான். "வேண்டாம்னு சொன்னாலும் இந்த ரோட்டை வாருவேன். மாசியில அறுவடை வந்தா, எங்க நெல்லை இதுல காயப்போடவும் விடமாட்டேன். ரெண்டுக்கும் சம்பந்தம் இல்ல."

அவள் தன் பங்குச் சேற்றை விளிம்பு வரை தள்ளி, ஆற்றுப் பக்கம் சரித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தாள். மழையில் கண்மை கரைந்திருக்கும் என்று தெரிந்தும் முகத்தை மறைக்கவில்லை.

"பள்ளிக்கூடத்துலேருந்து இங்க வர்ற வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன்," என்றாள். "இன்னிக்கு நான்தான் முதல்ல சொல்லணும்னு. எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு… நீங்க முந்திக்கிட்டீங்க."