தேயாத பிரேக் கட்டை

முந்தின நாள் சாயங்காலம் மாட்டிய புதுக் கைப்பிடி ரப்பர், காலையில் தேய்ந்திருந்தது.

தேய்ந்திருந்தது என்றால் கீறலோ அழுக்கோ அல்ல. வருஷக்கணக்காக ஒரு கை பிடித்துப் பிடித்து, வியர்வையும் சூடும் ஏறி, ரப்பரின் வரிகள் வழுவழுவென்று மழுங்கிப்போகுமே, அப்படி. அதுவும் வலது பக்கம் மட்டும். சைக்கிள் ஸ்டாண்டில் ஏற்றியது ஏற்றியபடி நின்றது. பட்டறை அறையில் புது எனாமல் வாசனை, மண்ணெண்ணெய் வாசனை, இரண்டுக்கும் அடியில், தரையைக் கழுவிக் கழுவியும் போகாத ஏரிச் சேற்று வாசனை. அவர் கட்டைவிரலால் ரப்பரைத் தடவிப் பார்த்தார். பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஊசி போட்டு மரத்துப்போன பல்லைத் தட்டிப் பார்ப்பதுபோல இருந்தது.

“டீ ஆறுதுங்க,” என்று அடுக்களையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “சக்களத்தியைக் கொஞ்சினது போதும், வாங்க.”

“ரப்பரை நீ தொட்டியா?”

“நான் ஏன் தொடறேன்? அவளைத் தொட்டா எனக்கு அடி விழும்.”

பல்செட் செய்வது அவர் தொழில். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளில் மெழுகு வார்த்து, பல் வைத்து, மெருகேற்றிக் கொடுப்பார். பழைய சைக்கிள் சேர்ப்பது அவர் பைத்தியம். தொழில் என்ன, பைத்தியம் என்ன என்று பிரித்துச் சொன்னது மனைவிதான். இரண்டுக்கும் ஒரே கண் போதும் என்பார் அவர். ஒரு கடைவாய்ப் பல் தேய்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தே, இந்த ஆள் எந்தப் பக்கம் மெல்லுகிறார், தூக்கத்தில் பல்லை நறநறக்கிறாரா என்று சொல்லிவிடலாம். சைக்கிளும் அப்படித்தான். ஓட்டினவன் போய்விடுவான், தேய்மானம் போகாது.

அவர் வீட்டுச் சுவர்களில் கொக்கிகளில் சைக்கிள்கள் தொங்கின. ஒன்றைக்கூட அவர் ஓட்டியதில்லை. சேர்க்கிறவர்கள் ஓட்டமாட்டார்கள், ஓட்டினால் தேயும்.

இந்த வண்டி மேட்டு ஏரியிலிருந்து வந்தது. தூர் வாருவதற்காக ஏரியை வற்றவிட்டபோது சேற்றுக்குள் கிடந்ததாகச் சொல்லிப் பழைய இரும்புக்காரர் கொண்டுவந்து இறக்கினார்.

“வண்டி மட்டும்தான் கிடைச்சுதான்னு கேக்காதீங்க சார்.”

“நான் கேக்கலையே.”

“கேட்டாலும் சொல்ற மாதிரி இல்ல.”

அவர் கேட்கவில்லை. அவர் கண் அதற்குள் வண்டியின் இரும்புச் சட்டத்தின் மேல் போய்விட்டது. ஆழச் சேற்றில் காற்றுப் படாமல் கிடந்ததால் சீட்டின் தோல்கூட மக்கவில்லை. கறுத்து, உறைந்து, மிருகத்தின் முதுகுபோல இருந்தது.

அடையாளம் சொல்ல ‘நம்பர்’ வந்தான். பால்ய சிநேகிதன். எந்தக் கம்பெனி எந்த வருஷம் எந்த எண்ணில் வண்டி போட்டது என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். சொந்த போன் நம்பர் மட்டும் மறந்துபோகும். சீட்டுக்கு அடியில் துருவைச் சுரண்டி, சாக்பீஸைத் தேய்த்து, ஊதினான். எண்கள் வெள்ளையாக எழுந்துவந்தன.

“இந்த வரிசையில கொஞ்ச வண்டிதான்டா வந்துச்சு. பின்னாடி கேரியர்கூட கம்பெனியே போட்டது. ஆள் உட்காரத் தோல் வெச்ச கேரியர். எதையும் மாத்தாதே. சீட் உயரத்தைக்கூட. அந்தாளு இறுக்கின இடத்துல குழாய்ல கோடு விழுந்திருக்கு பாரு, அதுலயே நிக்கணும்.”

அவர் வண்டியைச் சுவரோரம் சாய்த்து ஏறிப் பார்த்தார். பெருவிரல் நுனிதான் தரையைத் தொட்டது.

“எனக்கு எட்டலையே.”

“நீ ஓட்டவா போறே? வண்டி ஒரிஜினலா இருந்தாச் சரி. ஆளு யாரா இருந்தா என்ன?”

பிறகு இருவரும் உட்கார்ந்து தேய்மானம் படித்தார்கள். அவர்களுக்கு அதைவிடச் சுகமான பொழுது கிடையாது. வலது கைப்பிடியில் கட்டைவிரலுக்கும் முதல் இரண்டு விரல்களுக்கும் குழி. மற்ற இரண்டு விரல் வரவேண்டிய இடத்தில் ரப்பர் வரி புதுசு மாதிரி.

“ரெண்டு விரல் இல்லாத ஆளு,” என்றார் அவர்.

“உசரமான ஆளு,” என்றான் நம்பர். “டயர் ரெண்டும் மொட்டை. பிரேக் கட்டையைப் பாரு! முன்னாடியும் பின்னாடியும் கம்பெனி அச்சு வரிகூட அழியல. பிறந்ததுலேர்ந்து பிரேக்கே பிடிக்கல போல.”

“காலை ஊன்றி நிறுத்தியிருப்பான்.”

“அப்ப செருப்புக் கடைக்காரனுக்குக் கொண்டாட்டம்தான்.”

சீட்டின் பின்விளிம்பில், தோலில் ஆழமாக நான்கு கோடுகள் இருந்தன. பக்கம் பக்கமாக.

“பூனை,” என்றார் அவர்.

நம்பர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். “பூனைன்னே வெச்சுக்குவோம்,” என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

பழைய கைப்பிடி ரப்பர் காய்ந்ததும் வெடித்துவிட்டது. அது ஒன்றைத்தான் அவர் மாற்றினார். அதே கம்பெனி, அதே காலத்துச் சரக்கு, பிரிக்காத பொட்டலம். அதுதான் இப்போது தேய்ந்திருந்தது. கழற்றி இன்னொரு ஜோடி மாட்டினார். கதவைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். காலையில் அதுவும் தேய்ந்திருந்தது. கட்டைவிரல், இரண்டு விரல். மற்ற இரண்டு இடத்திலும் வரி அழியாமல் அப்படியே.

அந்த வாரம்தான் அவர் கையைச் சுட்டுக்கொண்டார். ஸ்பிரிட் விளக்கில் மெழுகுக் கத்தியைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். எங்கோ முடி கருகுகிற வாசம் வந்தது. பக்கத்து வீட்டில் ஏதோ எரிக்கிறார்கள் என்று நினைத்தார். ஜன்னலைப் பார்த்தார். திரும்பிக் கையைப் பார்த்தார். வலது கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் தீக்குள் இருந்தன.

வலிக்கவில்லை.

டாக்டர் இரண்டு விரலையும் சேர்த்துக் கட்டுப் போட்டார். “நரம்பு அழுந்தியிருக்கு. சைக்கிள் ஓட்டுவீங்களா? ஹேண்டில்பாரை அழுத்திப் பிடிக்கிறவங்களுக்கு இந்த ரெண்டு விரல்தான் முதல்ல மரக்கும்.”

“சேர்ப்பேன் டாக்டர். ஓட்டமாட்டேன்.”

“ரொம்ப ஓட்டுறவங்க கை மாதிரி இருக்கே,” என்றார் டாக்டர், உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கட்டைப் பார்த்தாள். சலவைக் கடையில் கணக்கில்லாத சட்டை வேட்டிகளைப் பார்த்த கண் அவளுடையது. கறையைப் பார்த்தே கதை சொல்வாள். இதற்குக் கதை எதுவும் சொல்லவில்லை. சாதத்தைப் பிசைந்து ஸ்பூனோடு வைத்தாள்.

“எனக்குப் பல்லு போனா செஞ்சு தர நீங்க இருக்கீங்க. உங்களுக்கு விரல் போனா நான் எங்க போவேன்?”

“போகாது.”

“சுடறதுகூடத் தெரியலைன்னா எப்படிங்க?”

அவர் இடது கையால் ஸ்பூனை எடுத்தார். அவள் அவரை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தது தெரிந்தது. அதுவும் அவர்மேல் படவில்லை. எல்லாம் ஒரு பஞ்சுப் பொதிக்கு அப்பால் நடந்தன.

செயின் இழுவையைச் சரிபார்க்க வண்டியைச் சுவரோரம் சாய்த்து மறுபடி ஏறினார். அவள் துணி மடித்துக்கொண்டே வாசற்படியில் நின்று பார்த்தாள்.

“சீட்டை இறக்கிட்டீங்களா?”

“இல்லையே.”

“அன்னைக்கு நுனிக்கால்ல தொங்கினீங்க. இப்ப பாதம் முழுசும் பதியுது.”

அவர் குனிந்து பார்த்தார். குழாயில் பழைய கோடு. கோட்டின் மேலேயே சீட்டை இறுக்கும் கவ்வி. மயிரிழை மாறவில்லை. அவர் பாதம் மட்டும், குதிகால்வரை, தரையில்.

“வயசான காலத்துல வளர்றீங்க போங்க,” என்று சிரித்தாள். சிரித்தவள் அவர் கணுக்காலைப் பார்த்தாள். அன்று மாலை அவருடைய பேன்ட் ஒவ்வொன்றாக எடுத்து, அடிமடிப்பைப் பிரித்து, நீட்டித் தைத்துவைத்தாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போனபின் அவர் பழைய ரப்பரைத் தேடி எடுத்தார். ஏரியிலிருந்து வந்தது; வெடித்தது. தனக்குத் தெரிந்த ஒரே வழியில் அதைக் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. மெழுகை இளக்கி, ரப்பரின் குழிகளில் அழுத்தி, ஆறவிட்டு, மெல்ல உரித்தார். குழி மேடாக வந்தது. ஒரு கையின் உட்பக்கம். கட்டைவிரல். இரண்டு விரல்.

கட்டைவிரல் சதையில் ஒரு தழும்பு. பிறைபோல வளைந்து, ஓரத்தில் சின்ன வெட்டு.

வேலை கற்றுக்கொண்ட காலத்தில் உருகிய உலோகம் தெறித்து அவர் வலது கட்டைவிரலில் விழுந்த இடம் அது. பிறைபோல வளைந்து. ஓரத்தில் சின்ன வெட்டு.

பழைய ரப்பரின் குழிக்குள் தன் கட்டைவிரலை வைத்தார். அச்சு பல்லில் உட்கார்வதுபோல உட்கார்ந்தது.

சுவர்ச் சைக்கிள்கள் அசையாமல் தொங்கின. எங்கோ குழாயில் தண்ணீர் சொட்டியது. அவர் போனை எடுத்தார்.

“வண்டியை வந்து எடுத்துட்டுப் போ.”

“முடிஞ்சுதா? குரல் என்னடா இப்படி இருக்கு?” என்றான் நம்பர்.

“முடிஞ்சுது. இன்னைக்கே வா.”

“இன்னைக்கு ஆகாது. நாளைக்கு வேன் கொண்டுவரேன். ஒரு ராத்திரியில வண்டி ஓடியா போயிடும்?”

பட்டறையைப் பூட்டினார். சாவியை அலமாரிக்குள் எறிந்து அதையும் பூட்டினார். தொப்பென்று உட்கார்ந்தார். நாளைக்குப் போய்விடும். அவ்வளவுதான். நாளைக்கு.

வெயில் இறங்குகிற நேரத்தில் வாசலில் மணி அடித்தது. சைக்கிள் மணி.

வெளியே வந்தார். மனைவி தலை வாரி, வெளுத்த துணி உடுத்தி, வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனாமல் தகதகத்தது.

“சாவி எங்க எடுத்த?”

“அலமாரிக்கு ரெண்டு சாவி, உங்க பொண்டாட்டிக்கு ஒரு மூளை. நாளைக்கு வண்டியைத் தூக்கிட்டுப் போறேன்னு உங்க நம்பர் எனக்குப் போன் பண்ணிச் சொன்னார்.” அவள் கேரியரைத் தட்டினாள். “கல்யாணமான புதுசுல என்ன சொன்னீங்க? பின்னாடி உட்கார வெச்சு ஊரைச் சுத்திக் காட்டறேன்னீங்க. சுவத்தைப் பார்த்துப் பார்த்தே கண்ணு பூத்துப்போச்சு. ஒரே ஒரு ரவுண்டு. கை வலிச்சா இறங்கிடலாம்.”

“கை வலிக்காது.”

“அதான் எனக்குப் பயமா இருக்கு. ஏதாவது ஒண்ணு உங்களுக்கு உறைக்கிறதை நான் பார்க்கணும்ங்க.”

வேண்டாம், உள்ளே போ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

“ஏறு,” என்றார்.

சீட் அவரை வாங்கிக்கொண்டது. ஒவ்வொரு எலும்பும் அதனதன் பள்ளத்தில். கால்களின் நீளம் கச்சிதம். கட்டுப் போட்ட இரண்டு விரலும் தள்ளி நிற்க, மற்றவை வலது கைப்பிடியில் தங்கள் குழிகளைத் தேடாமலே கண்டுகொண்டன. பின்னால் அவள் ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்த கனம் தெரிந்தது. வண்டி நகர்ந்தது. பூட்டிய கடைகள், பள்ளிக்கூடச் சுவர், மரத்தடியில் தூங்குகிற நாய், எல்லாம் அவர் திருப்பாமலே திரும்பிக்கொண்டன. காற்றில் ஈர மண் வாசனை வந்தது. தூர் வாரி முடித்து, மழை பெய்து, ஏரி மறுபடி நிறைந்திருந்தது.

“இந்தப் பக்கம் ஏன்? கடைத்தெருப் பக்கம் போங்க. நாலு பேர் பார்க்கட்டும்.”

அவர் மிதித்துக்கொண்டிருந்தார்.

“பேச மாட்டீங்களா? சரி விடுங்க. வண்டி சுகமாத்தான் இருக்கு.” அவள் விரல்கள் அவருக்குப் பின்னால் சீட்டின் விளிம்பைத் துழாவின. “அட, இங்க பிடிச்சுக்கத் தோதா பள்ளம் இருக்கே. எனக்குன்னே செஞ்ச மாதிரி. நாலு விரலும் உட்காருது பாருங்க.”

சரிவு ஆரம்பித்தது.

கையிடம் சொன்னார். பிடி. கை கேட்கவில்லை. இடது கையிடம் சொன்னார். அதுவும் இல்லை. காலிடம் சொன்னார், ஊன்று. கால் மிதித்தது.

“மெதுவாங்க.”

டயர்களின் சீறல். முன்னால் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்த ஏரித் தண்ணீர், தகடுபோல.

“பிரேக் பிடிங்க. என்னங்க, விளையாடாதீங்க. பிரேக்!”

பிரேக் கட்டைகள் ரிம்முக்குப் பக்கத்தில் தொங்கின. அச்சு வரி அழியாமல்.

“ரோடு முடியுதுங்க.”

அவர் திரும்பிப் பார்க்க விரும்பினார். கழுத்து வரவில்லை. கைப்பிடியை மூன்று விரல்கள் இதமாகப் பிடித்திருந்தன.

தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது சத்தத்தில்தான் தெரிந்தது. பிறகு முழங்கால். அவர் முதுகுக்குப் பின்னால், சீட்டின் தோலில், பழைய கோடுகளுக்குள்ளேயே, அவள் நகங்கள் இறங்கும் சத்தம் கேட்டது.