சுவர் ஏறும் காட்சி

விமர்சகர்களுக்கான காலைக் காட்சிக்குத் தங்கையையும் அழைத்துக்கொண்டு போனேன். சினிமா விமர்சனம் எழுதிப் பிழைப்பவன் நான். போகாமல் இருக்க முடியாது. அவளோ போகாமல் இருந்திருக்கலாம்.

"வேண்டாம்மா, வீட்லயே இரு" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"ஒரே ஒரு தடவ அவரைப் பாத்துட்டு வந்துடுறேண்ணே. அப்புறம் கேக்க மாட்டேன்."

அவர் என்றால் அவள் கணவர். என் மாப்பிள்ளை. கோடி கோடியாகக் கொட்டி எடுத்த ஜோம்பி படம் அது. அதில் பிணமாக ஓடிவரும் கூட்டத்தில் ஒருவராக நடித்தார். "எனக்கெல்லாம் மேக்கப்பே வேண்டாம் மச்சான், அப்படியே பொணந்தான்" என்று சிரிப்பார். சுவர் ஏறும் காட்சி எடுத்த அன்று உடலாகத்தான் வீடு வந்தார். "ஷூட்டிங்ல ஒண்ணும் நடக்கல. பஸ்ல ஏறினப்புறம்தான் நெஞ்சுவலி" என்றார் கம்பெனி மேனேஜர். தங்கை அதை நம்பவில்லை. நானும் நம்பவில்லை. நம்பாமல் இருந்து என்ன கிழித்தோம்?

விளக்கு அணைந்தது.

படத்தின் பலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒளிப்பதிவைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். இடிந்த நகரத்தைச் செட் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. மற்றபடி பேர்தான் பெரிய பேர், கதைக்குத்தான் பஞ்சம். நாயகன் ஓர் ஊரையே வெட்டிச் சாய்க்கிறார், தலைமுடி கலையவில்லை. கூட்டத்தில் பாதி கம்ப்யூட்டரில் நகல் எடுத்தது. பத்து முகங்களே திரும்பத் திரும்ப ஓடிவருகின்றன.

தங்கை அந்த முகங்களில் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பிறகு சுவர் வந்தது. பிணங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மனிதக் குவியலே ஏணியாகிச் சுவரைத் தாண்டும் காட்சி. மெய்யாகவே மிரட்டல்தான். ஏ.சி. குளிரில் எங்கிருந்தோ ரப்பரும் பசையும் வியர்வையும் கலந்த வாடை வந்தது. மாப்பிள்ளை வேலை முடிந்து வரும்போது அவர் சட்டையில் அடிக்கும் வாடை.

"அண்ணே" என்று என் முழங்கையைப் பிடித்தாள். "கீழ பாரு. அடியில."

குவியலின் அடியில் ஒருவர் கிடந்தார். பாதி முகம்தான் தெரிந்தது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்திருந்தார்.

அந்தச் சைகை எங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டிலேயே செய்து காட்டியிருக்கிறார். "அங்க கத்துறதுதான் எல்லாருக்கும் வேலை. நெஜமாவே அடிபட்டுக் கத்துனா நல்லா நடிக்கிறான்னு விட்டுருவாங்க. அதனால கையைக் குறுக்க வைக்கணும். அதைப் பாத்ததும் டைரக்டர் கட் சொல்லிடுவாரு."

யாரும் கட் சொல்லவில்லை.

காட்சி அவ்வளவு நன்றாக வந்துகொண்டிருந்திருக்கிறது. நன்றாக வந்ததால் அதையே படத்திலும் வைத்துவிட்டார்கள்.

கேமரா மேலே போனது. நகரம் முழுக்கச் சுவர்கள். ஒவ்வொரு சுவருக்கும் ஒரு குவியல். நகல் எடுத்த குவியல்கள்.

ஒவ்வொன்றின் அடியிலும் அதே கைகள்.

அதுவரை கேமராவைப் பார்க்காத அந்தப் பாதி முகங்கள் மெல்லத் திரும்பின.

எங்களைப் பார்த்தன.

தங்கை எழுந்து நின்றாள். அவளுக்கு அப்படி ஒரு குரல் உண்டு என்று எனக்கே தெரியாது.

"கட்!"

இரைச்சல் நின்றது. திரையில் அத்தனை பிணங்களும் அசையாமல் நின்றன. கம்பெனி ஆள் ஆபரேட்டர் அறைப் பக்கம் ஓடினார். "மிஷின் ஓடிக்கிட்டுதான் சார் இருக்கு!" என்று மேலிருந்து பதில் வந்தது.

ஒருவரின் மூச்சு மட்டும் கேட்டது. ரப்பர் முகமூடிக்குள் இருந்து வரும் மூச்சு.

முன்னால் தெரிந்த குவியலிலிருந்து பிணங்கள் ஒவ்வொன்றாக இறங்கி ஒதுங்கின. அடியில் கிடந்தவர் கையை ஊன்றி எழுந்தார். இடுப்பைப் பிடித்தபடி திரையின் ஓரத்துக்கு நடந்து போனார்.

ஓரத்தைத் தாண்டி வெளியேறினார்.

உடனே அடுத்த காட்சி வந்துவிட்டது. நாயகன் பாட ஆரம்பித்தார். அரங்கில் கைதட்டல். பக்கத்து இருக்கை மூத்த விமர்சகர், "அந்த அமைதி இருக்கே, பிரமாதம். டைரக்டர் டச்" என்று என் தொடையைத் தட்டினார். இவர்களுக்கெல்லாம் எழவு வீடும் கல்யாண வீடும் ஒன்றுதான், பந்தி நடந்தால் சரி.

தங்கையை ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். அவள் அழவில்லை. அவசரமாக வீட்டுக்குப் போக வேண்டும் என்று மட்டும் சொன்னாள். பத்திரிகை அலுவலகத்தில் உட்கார்ந்து விமர்சனம் எழுதினேன். படத்தின் பலம் சுவர் ஏறும் காட்சி என்றேன். அதில் ஒரு மனிதர் உண்மையாகவே சாகிறார், காப்பாற்றச் சொல்லிச் சைகை காட்டியும் எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள், அதைவிடப் பலவீனம் எந்தப் படத்துக்கும் இருக்க முடியாது என்றேன். ஆசிரியர் பலத்தை வைத்துக்கொண்டு பலவீனத்தை வெட்டினார். மறுநாள் முதல் பக்கம் முழுக்க அந்தப் படத்தின் விளம்பரமாம்.

வெளியே வந்து நின்றேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. தங்கையிடமிருந்து போன் வந்தது. பக்கத்தில் யாரோ தூங்குவதுபோலத் தணிந்த குரலில் பேசினாள்.

"அண்ணே, இந்த மேக்கப்பைக் கலைக்க எந்த எண்ணெய் தேய்ப்பாங்க?"

"யாருக்கும்மா?"

குழாயில் தண்ணீர் விழும் சத்தம். அதற்குப் பின்னால் கரகரவென்று ஒரு மூச்சு.

"யாரும்மா அங்க?"

"தேய்க்கத் தேய்க்கச் சாயம் போக மாட்டேங்குதுண்ணே" என்றாள். "தோலுதான் வருது."