நேரில் விசாரித்தேன்

"சின்னையா!" என்று மூன்று தடவை கூப்பிட்டும் டாக்ஸி டிரைவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஹெட் கான்ஸ்டபிள் பரக்கத் அலிக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. காலை ஒன்பது மணி டாக்ஸி ஸ்டாண்டில் அப்படி ஒன்றும் இரைச்சல் இல்லை. பத்தடி தள்ளி நின்று தன் கறுப்பு வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவனுக்குக் காதும் நன்றாகவே கேட்டது; மரத்தில் ஒரு காக்கை இறக்கையை அடித்துக்கொண்டதற்குத் தலையைத் தூக்கிப் பார்த்தான். தன் பேருக்கு மட்டும் அசையவில்லை. கிட்டே போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பி, "ஐயாவா!" என்று சிரித்தான். எதையோ மறந்துவிட்டு அப்போதுதான் ஞாபகம் வந்தவன் மாதிரி இருந்தது அந்தச் சிரிப்பு.

"சாயங்காலம் மண்ணச்சநல்லூர் போய் என் மகளையும் மாப்பிள்ளை தாஜுதீனையும் கூட்டிட்டு வரணும்ப்பா. மகளுக்கு எட்டு மாசம். பள்ளம் மேடு பார்த்து ஓட்டு."

"அலுங்காமக் கொண்டாந்துடறேங்க. மாப்பிள்ளையும் டிரைவர்தானுங்களே? அரிசி மில் லாரி."

அதை இவனிடம் சொன்ன ஞாபகம் பரக்கத் அலிக்கு இல்லை. யாராவது சொல்லியிருப்பார்கள் என்று விட்டுவிட்டார். வீட்டில் மனைவி சாரா பீவி, "தெரியாத வண்டியில புள்ளைய ஏத்தணுமா?" என்று முந்தின ராத்திரியே முணுமுணுத்திருந்தாள். "தெரியாத வண்டியாவது! ஆளு நானே விசாரிச்ச ஆளு" என்று அவர் மார்தட்டியிருந்தார். நான்கு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, தவமிருந்து பெற்ற ஒரே மகள் மஜீதா. அவள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் நாள் இது. அவருக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

அவர் விசாரித்த லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஐம்பத்தெட்டாம் வருஷத்தில் டாக்ஸி ஓட்ட பேட்ஜ் வேண்டுமென்றால், மனுச்செய்தவன் எப்படிப்பட்டவன் என்று போலீஸ் அவன் சொந்த ஊருக்கே போய்க் கேட்டு வந்து எழுதவேண்டும். முன்பின் தெரியாதவன் வண்டியில் பெண்டுபிள்ளைகள் தனியாக ஏறுகிறார்களே, அதற்காக வைத்த ஏற்பாடு. பரக்கத் அலி எந்த ஊருக்கும் போனதில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, வடையைக் கடித்துக்கொண்டே எழுதுவார்: 'மேற்படியாரின் ஊருக்கு நேரில் சென்று விசாரித்தேன். நன்னடத்தை உள்ளவர்.' சின்னையனின் ஊரான வையம்பட்டிக்கு பஸ்ஸில் குலுங்கிப் போய் இடுப்பை யார் ஒடித்துக்கொள்வது? இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. பாவி மனுஷன், அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் நாலரை மணிக்கு ஒரு கிழவி ஸ்டேஷனுக்கு வந்தாள். பேர் வீராயி. வையம்பட்டி. முந்தானையில் முடிந்திருந்த ஒரு தபால் கார்டை எடுத்து நீட்டினாள். சின்னையனின் பேட்ஜைப் புதுப்பிக்கவேண்டும், மறுபடி விசாரணை உண்டு என்று சர்க்கார் ஆபீஸிலிருந்து ஊர் விலாசத்துக்குப் போன கார்டு.

"தபால்காரரு படிச்சுச் சொன்னாருங்க. எம் மவன் இங்க டாக்ஸி ஓட்டுறானாம்ல? நெசமாங்க சாமி?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அவன் செத்துட்டானுங்களே."

பரக்கத் அலி கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"லாரி ஓட்டிக்கிட்டிருந்தானுங்க. ஒருநா யாரோ கறுப்புக் காருல ஏத்திக்கிட்டுப் போனாங்க. எட்டாம் நாளு கிணத்துலேர்ந்து எடுத்தோம். நாந்தான் தலைக்குத் தண்ணி ஊத்துனேன். மாசி வந்தா ரெண்டு வருசம்."

சின்னையனைப் பற்றி அவர் ரிப்போர்ட் எழுதியதோ, அந்தச் சாவுக்கு மூன்று மாசம் கழித்து. பீரோவைத் திறந்து பழைய மனுக்கட்டைத் தேடி எடுத்து, மனுவில் ஒட்டியிருந்த போட்டோவைக் கிழவியிடம் காட்டினார். அவள் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இது யாருங்க? எம் மவன் இல்லிங்க."

போட்டோவுக்குக் கீழே அவருடைய கையெழுத்து, முத்து முத்தாக. 'தாயார் வீராயியையும் கண்டு பேசினேன். தன் மகன் என்றும் நல்லவன் என்றும் சொன்னார்.' நிறைவாக இருக்கட்டுமே என்று அன்று சேர்த்த வரி. அதை அவர் மனசுக்குள் படிக்கவில்லை போலிருக்கிறது, கிழவி காதில் விழும்படி வாய்விட்டே படித்துவிட்டார். கிழவி அந்தத் தாளை விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகம் மெல்ல மெல்ல இளகியது. கன்னத்தில் தாரை தாரையாக வழிந்தது.

"எம் மவன்தானுங்க," என்றாள். "எத்தனை மணிக்கு வருவான்? காத்துக்கிட்டிருக்கேன்."

"இப்பதானே இல்லேன்னீங்க! நீங்கதானே குளிப்பாட்டினதாச் சொன்னீங்க!"

"யார நான் குளிப்பாட்டுனேன்?" என்று அவள் நிஜமாகவே கேட்டாள்.

அந்த ஆள் வண்டியில்தான் மஜீதா இந்நேரம் வந்துகொண்டிருப்பாள். இன்ஸ்பெக்டரிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ஜீப் கிடைத்திருக்கும். ஆனால் சொன்னால் தாளைக் கேட்பார்கள், தாளைப் பார்த்தால் வேலை போகும். தொப்பியை மாட்டிக்கொண்டு, "வீட்டுல கொஞ்சம் அவசரங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்ரீரங்கம் பஸ்ஸைப் பிடித்தார். என் மகளை மட்டும் காப்பாத்திக் கொடு அல்லாஹ், வேறே ஒண்ணும் வேணாம் என்று வழியெல்லாம் அதே முனகல்.

அவர் ஸ்ரீரங்கத்தில் இறங்கியபோது ஐப்பசித் தூறல் பிடித்துக்கொண்டது. கடைகளில் அரிக்கேனும் பெட்ரோமாக்ஸும் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன, எங்கோ கோயில் மணி அடித்து ஓய, ஈர மண்ணும் கதம்பமும் சாணியும் கலந்த வாடையில் கொள்ளிடம் பக்கத்திலிருந்து வெள்ளத்தின் ஓயாத உறுமல் மட்டும் தனியாக வந்துகொண்டிருந்தது. மண்ணச்சநல்லூரிலிருந்து வரும் எந்த வண்டியும் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் ஆகவேண்டும். ரோட்டோரம் நின்று வருகிற விளக்கையெல்லாம் எண்ணினார். மாட்டுவண்டி. லாரி. சைக்கிள். அப்புறம் அந்தக் கறுப்பு வண்டி, அவர் கை காட்டுவதற்கு முன்னாலேயே வேகம் குறைந்து, சரியாக அவர் காலடியில் வந்து நின்றது.

"அத்தா!" என்றாள் மஜீதா பின் ஸீட்டிலிருந்து. இருக்கிறாள். முழுசாக இருக்கிறாள். ஆனால் அவள் பக்கத்தில் யாருமில்லை.

"மாப்பிள்ளை எங்கம்மா?"

"பாலத்துக்கிட்ட வண்டி நின்னுடுச்சு அத்தா. தள்ளணும்னு அவங்க இறங்குனாங்க. என்னை உள்ளயே இருக்கச் சொன்னாங்க. ரொம்ப நேரங் கழிச்சு இந்த ஆளு மட்டும் வந்தாரு. அவங்க யாரையோ பார்க்கப் போயிட்டாங்கன்றாரு. சொல்லாமப் போக மாட்டாங்களே அத்தா!" அவள் குரல் தாழ்ந்தது. "நீங்க ஏறுங்க. எனக்குப் பயமா இருக்கு."

பின்கதவை இழுத்துப் பார்த்தார். திறக்கவில்லை. முன்கதவு தானாகத் திறந்துகொண்டது. ஏறினார்.

வண்டிக்குள் பெட்ரோல் வாடையையும் மீறி ஆற்றுச் சேற்றின் வாடை அடித்தது. வெளியே வெறும் தூறல்தான். டிரைவரோ மார்பு வரை தொப்பலாக நனைந்திருந்தான். சட்டை நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கால்மிதியில் விழும் சத்தம் என்ஜின் சத்தத்துக்கு நடுவிலும் அவருக்குத் துல்லியமாகக் கேட்டது. காவிரிப் பாலத்துக்குப் போக நேரே ஓட்டவேண்டும். அவன் ஒடித்துத் திருப்பினான். கரையோரப் பாதை. இருபுறமும் வாழை. அக்கரையில் மலைக்கோட்டை விளக்கு தெரிந்தது, மறைந்தது.

"எங்கப்பா போறே?"

சொட்டு. சொட்டு.

வண்டி நின்றது. விளக்கை அணைத்தான். கையால் துழாவினார் பரக்கத் அலி. அவர் பக்கக் கதவில் கைப்பிடியே இல்லை.

"உங்களுக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டவனுங்க," என்றான் டிரைவர் மெதுவாக. "அன்னைக்கு நீங்க எழுதலேன்னா எனக்கு ஊரேது, பேரேது? ஆனா கிழவி கிளம்பி வந்துட்டா. அந்தப் பேரு இனிமே தாங்காதுங்க."

கிழவி வந்தது இவனுக்கு எப்படித் தெரியும்? டிரைவர் ஸீட்டுக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர் மடியில் விரித்து, டார்ச்சை அடித்தான். பேட்ஜ் மனு. போட்டோவில் இவன் முகம். பேர்: தாஜுதீன். ஊர்: மண்ணச்சநல்லூர். தொழில்: லாரி டிரைவர். விசாரித்தவர் எழுதவேண்டிய இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"என் மாப்பிள்ளை... அவன் எங்கடா?"

"எழுதுங்க ஐயா. புள்ளத்தாச்சிப் பொண்ணு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கும்?"

"அத்தா," பின்னாலிருந்து மஜீதா விசும்பினாள். "ஏன் நின்னுட்டோம்? அவங்க எங்க அத்தா? இந்த ஆளு யாரு?"

கத்தினால் கேட்க நாதியில்லை. அடித்தால் இவன் சாவியைத் திருப்பி வண்டியை ஆற்றில் விட்டுவிடுவான். முதலில் பிள்ளை வீடு போய்ச் சேரட்டும். வெறும் காகிதம்தானே. நாளைக்கு இன்ஸ்பெக்டர் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், வேலை போனால் போகட்டும். நாளைக்கு. பேனாவை வாங்கினார்.

பழகிய கை தானாகவே எழுதியது: நேரில் சென்று விசாரித்தேன்.

"சம்சாரத்தையும் கண்டு பேசினதாப் போடுங்க."

வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட்டார். தன் புருஷன் என்றும் நல்லவன் என்றும் சொன்னார். கையெழுத்து. தேதி.

டார்ச் அணைந்தது. இருட்டு. பின் ஸீட்டில் விசும்பல் நின்றுபோயிருந்தது.

"மஜீதா?" என்றார்.

வளையல் குலுங்கியது. மகளின் கை அவரைத் தாண்டி நீண்டது. டிரைவரின் நனைந்த தோளைத் தொட்டது. முந்தானையால் ஈரத்தை ஒற்றியது.

"ஐயோ, எப்படி நனைஞ்சிருக்கீங்க! காய்ச்சல் வந்துடப் போவுதுங்க," என்றாள் மஜீதா, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு. "வாங்க, அத்தாவ வீட்டுல விட்டுட்டு நாம நம்ம வீட்டுக்கே போயிடலாம்."