மூன்று வீடும் ஒரு செம்பும்

தொண்டூரிலிருந்து வெயிலில் வந்த ராஜமதி திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு சாந்திராஜ் விசிறியை நீட்டினார்.

கணவர் விட்டுப்போன ஒரே நிலத்தை நாளை விற்று, செஞ்சி மலையடிவாரத்தில் அரிகிருஷ்ணன் என்பவன் வாடகைக்கு விட்டிருக்கும் மூன்று வீடுகளையும் வாங்கப் போகிறாள். ஒன்று காலியானாலும் மற்ற இரண்டின் வாடகை சோறு போடும் என்று நினைத்திருந்தாள். ஆனாலும் தூக்கம் வரவில்லை.

குடியிருப்பவர்கள் எப்படி என்று சாந்திராஜ் கேட்டார்.

"தங்கமானவங்க அண்ணா. மூணு பேரும் வேற வேற ஊரு. நான் கேக்காமலே மூணு வீட்லயும் செம்பு வாயில மஞ்சக்கரைத் துணி கட்டி, வடிகட்டித்தான் தண்ணி குடுத்தாங்க. நம்ம சமண வழக்கம் தெரிஞ்சிருக்குது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சைக்கிள் கடைக் கோதண்டராமன், பத்திரம்தான் பொய்யாக இருக்கும் என்று துள்ளினான். சாந்திராஜ் அலுப்புடன் சட்டையை மாட்டிக்கொண்டார்.

வருவதாக அரிகிருஷ்ணனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டே மூவரும் போனார்கள். அவன் காத்திருந்தான். மேட்டில் இருந்த முதல் வீட்டில் செல்லம்மாள் அடுப்பூதிக்கொண்டிருந்தாள். மேல்சித்தாமூரில் சமணர் வீட்டில் முன்பு வேலை செய்தவள் என்பது பேச்சில் தெரிந்தது. மற்ற இரண்டு வீடுகளிலும் ஒவ்வொரு பெண் அடுப்பின்முன் இருந்தாள்.

மூன்றாவது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு, சாந்திராஜ் கூரையைக் காட்டினார்.

"இன்னாய்யா, ரெண்டு வருஷமா குடியிருக்காங்கன்னே. செல்லம்மா வீட்டு ஓடெல்லாம் கரியா இருக்குது. இந்த ரெண்டு வீட்லயும் பொட்டுக் கரி இல்லியே. இவங்க காத்தையா சாப்புடறாங்க?"

அரிகிருஷ்ணன் மறுத்துப் பார்த்தான். குடியிருப்பதாக நடிக்கக் கூலிக்கு வந்த அந்தப் பெண்களில் ஒருத்தி அழுததும் அடங்கிவிட்டான். மழைக்காலத்தில் மலைத்தண்ணீர் புகும் அந்த இரண்டு வீடுகளிலும் யாரும் நிலைப்பதில்லை என்பது வெளிவந்தது.

தெருமுனையில் கோதண்டராமன், கரியைப் பார்க்கத் தோன்றியது எப்படி என்று கேட்டான்.

"அந்தத் துணிதான். நம்ம வழக்கம் செல்லம்மாவுக்குத் தெரியும். மத்த ரெண்டு பேருக்கு? தண்ணி அவ செம்புலருந்துதான் மூணு வீட்டுக்கும் போயிருக்குது. குடிக்கப் பானைகூட இல்லாத வீட்ல யாரு குடியிருப்பா?"

"அத அங்க சொல்லலியே, ஏட்டய்யா?"

"சொன்னா, உன்னாலதான் மாட்டினேன்னு அவளத் துரத்திடுவான். வெயில்ல வந்த மனுசிக்கு நல்ல தண்ணி குடுத்தவ. அதுக்கு இதுவா பலன்?"

ராஜமதி நின்றுவிட்டாள். நிலத்தில் ஓரமாகக் கொஞ்சம் மட்டும் விற்று, செல்லம்மாள் இருக்கும் அந்த ஒரு வீட்டை வாங்கினால் போதும் என்றாள். பிறகு தளர்ந்த நடையில் மேட்டை நோக்கித் திரும்பினாள்.

"செல்லம்மா, தாகமா இருக்குது."

செல்லம்மாள் மஞ்சள் கரைத் துணியை உதறினாள்.