மர்ளியாவின் சோல்டரிங் அயன்

தில்லையடி அகதி முகாமில் ஒரே ஒரு ரேடியோதான் இருந்தது. அதுவும் வியாழக்கிழமை வாயை மூடிக்கொண்டது.

ரேடியோவின் சொந்தக்காரி கமறியா மாமி அழாத குறையாக உட்கார்ந்திருந்தார். சண்டையால் மன்னாரை விட்டு வந்தபோது அவருடைய கூடப்பிறந்த ராத்தா ஜெய்னம்பு எங்கோ பிரிந்துபோனார். பிரிந்தவர்கள் அனுப்பும் செய்திகளை வெள்ளிக்கிழமை மாலையில் ரேடியோவில் வாசிப்பார்கள். மாமி அதை ஒரு வாரமும் தவறவிட்டதில்லை.

பக்கத்துக் குடிசை மர்ளியாவுக்குப் பதினொரு வயது. அவள் பற்றரிகளைக் கழற்றிவிட்டு ரேடியோவின் முதுகைத் திறந்தாள். ஒரு சிவப்பு வயர் ஒட்டு விட்டுக் கழன்றிருந்தது.

“ஈயத்தை உருக்கி ஒட்டினாச் சரி மாமி. நான் செய்றன்.”

“முந்திச் செஞ்சிருக்கியா மகள்?”

“இல்ல. நாளைக்குச் செய்வன்.”

காலையில் பெருநாளுக்குக் கிடைத்த காசோடு பதுர்தீன் நானாவின் இரும்புச் சாமான் கடைக்குப் போனாள். அவர் ஈயத்தை உருக்கி ஒட்டும், பளபளக்கும் ஒரு சோல்டரிங் அயனை எடுத்து வைத்தார்.

“இதுதான் நல்லது. முனை ஊசி மாதிரி. கரண்டுல போட்டாச் சுடும்.”

மர்ளியாவுக்கு ஆசையாகத்தான் இருந்தது. “எங்கட முகாமுல கரண்ட் இல்லையே நானா.”

“அப்ப இது இரிக்கி. வாளி ஓட்டை அடைக்கிறது. நெருப்புல சுட வைக்கணும்.”

மரப்பிடி, செம்புத் தலை. தலையோ பெரிய பேரீச்சம்பழம் அளவு! வயர் ஒட்டும் இடம் ஓர் அரிசி அளவுதான். இந்தத் தலை பட்டால் பக்கத்தில் இருப்பதெல்லாம் உருகிவிடும்.

மர்ளியா யோசித்தாள். கடை மூலையில் தடித்த செம்புக் கம்பித் துண்டுகள் கிடந்தன. கேட்டு ஒன்றை வாங்கி, அயனின் தலையில் இறுக்கிச் சுற்றினாள். நுனியை மட்டும் வெளியே நீட்டிவிட்டாள்.

“மூக்கு வெச்சாச்சி. இதையே தாங்க நானா.”

பதுர்தீன் நானா வாய்விட்டுச் சிரித்தார். ஈயத்தையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்.

மாலையில் உம்மா பக்கத்தில் நிற்க, தேங்காய்ச் சிரட்டைக்கரித் தணலில் அயனைச் சுடவைத்தாள். ஈயம் ஒட்டாமல் உருண்டு விழுந்தது. முனையில் கரி! ஈரத்துணியில் துடைத்தாள். அதற்குள் அயன் ஆறிப்போனது.

“விடு மகள், கையச் சுட்டுக்குவாய்” என்றார் மாமி.

“இன்னொருக்கா மாமி.”

இந்த முறை நன்றாகச் சுடவைத்து, சட்டென்று துடைத்து உடனே வைத்தாள். ஈயம் வெள்ளியாக மின்னி வயரைப் பிடித்துக்கொண்டது.

பற்றரிகளைப் போட்டாள். கரகரவென்ற சத்தம். பிறகு ஒரு குரல். முகாமே கூடிவிட்டது. செய்திகள் ஒவ்வொன்றாக வந்தன.

“வண்ணாத்திவில்லுவில் இருக்கும் ஜெய்னம்பு, தன் தங்கை கமறியாவைத் தேடுகிறார்…”

மாமி துள்ளி எழுந்தார். “வண்ணாத்திவில்லா? இந்தா, கிட்டத்தானே இரிக்கி!”

“இப்ப பஸ் இல்ல மாமி!”

“அப்ப நடப்பன்!”

உம்மாவும் மர்ளியாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரை உட்காரவைக்க வேண்டியிருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் மாமி ஏறினார். ஜன்னல் பக்கத்து இடத்தை மர்ளியாவுக்குக் கொடுத்தார்.